நஞ்சுக்கொடிக்கு ஏற்றிய விளக்கு

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. வராது என்பதால் சொல்லாமல் இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். சொல்லுவார், மாட்டிக்கொள்வார். கல்யாணமான புதிதில் கடைக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பிப் போய்ச் சேவல் சண்டை பார்த்துவிட்டு வருவார். சட்டைத் தோளில் இறகு ஒட்டியிருக்கும். ‘கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு’ என்பார்கள். இவருடைய புளுகு வாசற்படி தாண்டாது. அப்படிப்பட்ட மனிதர் எங்கள் மகள் பிறந்தபோது ஒரு பொய்யை முழுதாக ஐந்து நாள் காப்பாற்றினார். ஜப்பான்காரன் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. மலாயாவில், கூலாய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆற்றோரத்துத் தொழிலாளர் லயத்தில் அப்போது குடியிருந்தோம்.

எனக்கு எழுத்து தெரிந்ததே அந்த மகளால்தான். அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததை வீட்டுக்கு வந்து சிலேட்டில் எழுதும்போது, பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுதிப் பழகினேன். அதனால் அவளுக்கு நான் பட்டிருக்கும் கடனை அவள் பிறந்த கதையைச் சொல்லியே தீர்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன். அவனை ஆஸ்பத்திரியில் பெற்றேன். பிள்ளை நல்ல நிறையோடுதான் பிறந்தான், எனக்குத்தான் பால் ஊறவில்லை. பூண்டு தின்றேன், முருங்கைக்கீரை தின்றேன், யார் யார் என்ன சொன்னார்களோ அத்தனையும் தின்றேன். சீனர் கடையில் டின் பால் வாங்கி வெந்நீரில் கரைத்துக் கொடுத்தோம். அவனுக்கு அது சேரவில்லை. பன்னிரண்டாம் நாள் போய்விட்டான். அவனைப் புதைத்துவிட்டு வந்த பிறகு எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எங்கள் சனத்தில் பெண் அழாவிட்டால் கல் நெஞ்சு என்பார்கள். சொன்னார்கள். நான் உளியை எடுத்துக்கொண்டு மறுபடி பால் மரம் வெட்ட, ரப்பர் பட்டையைச் சீவிப் பால் இறக்கப் போய்விட்டேன். உடம்பில் ஊற வேண்டியதெல்லாம் வற்றிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இவருக்கு வேறு ஒரு நினைப்பு. பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் நஞ்சுக்கொடியைக் கேட்டிருக்கிறார். வாளியோடு போய்விட்டது என்று யாரோ கையை விரித்திருக்கிறார்கள். ஊர்ப்பக்கத்தில் பிள்ளை பிறந்த வீட்டில் நஞ்சுக்கொடியை ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்து, நாய் தோண்டாமல் இருக்க முள்ளும் கல்லும் வைப்பார்கள். பிள்ளையோடு வந்ததைக் குப்பையில் விட்டதால்தான் பிள்ளையும் தங்கவில்லை என்று இவர் மனதில் விழுந்துவிட்டது. வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு வருஷம் கடந்து நான் மறுபடி உண்டானபோது மட்டும் சொன்னார்.

“இந்தத் தடவ வீட்லயே பாத்துக்கலாம் புள்ள. எல்லாத்தையும் நானே என் கையால பாத்துக்கிறேன்.”

ஆற்றுக்கு அப்பால் கம்பம் என்கிற மலாய்க்காரர் கிராமத்தில் ஒரு மருத்துவச்சி இருந்தாள். மலாயில் மருத்துவச்சிக்குப் பீடான் என்று பெயர். எங்கள் லயத்தில் எல்லோருக்கும் அவள் பீடான் அம்மா. இருபது வருஷமாகத் தமிழ்ப் பிள்ளைகளை வெளியே எடுத்து எடுத்து அவளுக்குத் தமிழும் வந்துவிட்டது. மகள் பிறந்த காலையில், வெளியே பெரட்டுக்கு, காலைப் பேர்பதிவுக்கு, ஆட்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவள் என் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளையைக் குளிப்பாட்டி என் பக்கத்தில் கிடத்திய பிறகு அவள் செய்ததுதான் எனக்குப் புதிது. நஞ்சுக்கொடியை ஒரு சட்டியில் போட்டுப் பிள்ளையைக் கழுவியது போலவே கழுவினாள். அவசரமே இல்லை. உப்பும் புளியும் போட்டுத் தேய்த்து, மறுபடி அலசி, வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைத்து இன்னொரு சிரட்டையால் மூடினாள். வாசலில் நின்றிருந்த இவரைக் கூப்பிட்டாள்.

“இது ஊரி. பிள்ளைக்குக் கூடப் பொறந்தது. பிள்ளைக்கு அக்கா அண்ணன் மாதிரி லா. அப்பாதான் பொதைக்கணும். போற வழியில பேசக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது. நாப்பது நாளு அதுக்கு வெளக்கு வைக்கணும். வெளிச்சம் இல்லன்னா அது பயந்துக்கும், பிள்ளையும் அழும்.”

புதைப்பது எங்கள் வழக்கமும்தான். விளக்குதான் புதிது. இவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. சிரட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கழுத்தில் சுளுக்குப் பிடித்தவர் போல நேராகப் பார்த்தபடி போனார். பீடான் அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

திரும்பி வர நேரமாயிற்று. சாயங்காலம் அடுப்படிக்குப் பின்னால் ஒரு மேடு எழும்பியிருந்தது. மேலே கல், கல்லைச் சுற்றி எலுமிச்சை முள். ஒரு பழைய மங்கு, அதுதான் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம், அதைக் கழுவி எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றிவைத்தார். படுத்த இடத்திலிருந்து பின்கதவு வழியாக எனக்கு அந்த விளக்கு தெரியும்.

முதல் நாள் பால் இல்லை. அது சகஜம்தான் என்றாள் பீடான் அம்மா. இரண்டாம் நாளும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா பால்சுறாக் கருவாட்டைப் புட்டு செய்து கொண்டுவந்து, நான் விழுங்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். அந்த அக்கா இவருக்கு அடுத்த நிரையில் மரம் வெட்டுகிறவள். வாயும் பெரிது, மனசும் பெரிது. மூன்றாம் நாளும் மார்பு வெறுமையாக இருந்தது. பிள்ளைக்குச் சீனித் தண்ணீரில் துணியை நனைத்து வைத்தோம். முதல் நாள் லயமே எழுந்து உட்காரும்படி அழுத பிள்ளை, மூன்றாம் நாள் பூனைக்குட்டி போல முனகினாள். அந்த முனகலை எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறேன்.

இவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு டின் பால் வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அதைத் திறந்தால் இவளும் போய்விடுவாள் என்று எனக்குள் ஒரு பயம், யாரிடமும் சொல்ல முடியாத பயம். நான் பார்த்ததெல்லாம் பின்கதவு விளக்கைத்தான். தீட்டுக்காரி சாமி கும்பிடக் கூடாது. ஆனால் அந்த விளக்குக்கு எந்தச் சட்டமும் இல்லை. அதனால் அதனிடம் பேசினேன். கூடப் பிறந்ததே, நீ இவளோடு பத்து மாதம் இருந்தாய், உன் வழியாகத்தானே இவள் தின்றாள், இப்போது கொஞ்சம் கண் திறந்து பாரேன் என்று கெஞ்சினேன். மகனிடம் கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

இவரோ மத்தியானம் மரத்துப் பாலை நிறுத்துக் கொடுத்த கையோடு ஓடி வருவார். வாசலில் நின்றே கேட்பார்.

“வந்துச்சா?”

“இல்ல.”

“இன்னுமா வரல? நல்ல மரமாச்சே.”

என்னமோ வேலை ஞாபகத்தில் உளறுகிறார் என்று விட்டுவிட்டேன். பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக்கொண்டே மரத்தை நினைப்பது தோட்டத்து ஆம்பிளைகளுக்கு உள்ளதுதான்.

ஐந்தாம் நாள் மத்தியானம் பீடான் அம்மா வந்தாள். சுட்ட கல்லைத் துணியில் சுற்றி என் வயிற்றில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா வேலை உடுப்போடு உள்ளே வந்தாள்.

“ஏன் தங்கச்சி, உன் வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு? நிரையில அந்தக் கோடி மரம் இருக்கில்ல, மங்கு வழிய வழியப் பால் குடுக்குமே, அத அஞ்சு நாளா அவரு வெட்டவே இல்ல. மங்கையும் கவுத்து வச்சிருக்காரு. மேல கெளையில லாலான் புல்லு சுத்தி என்னமோ பொட்டணம் தொங்குது. எறும்பு ஏறுது.”

பீடான் அம்மாவின் கை நின்றது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஏதோ சரியில்லை என்று மட்டும் புரிந்துவிட்டது. எனக்கு எல்லாமே புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஊரில் மாடு மேய்த்த குடும்பம். பசு கன்று போட்டால் அதன் நஞ்சுக்கொடியை, இளங்கொடி என்பார்கள், வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுவார்கள். ஆலமரம் பால் உள்ள மரம். அதில் கட்டினால் பசுவுக்குப் பால் பொங்கும் என்று நம்பிக்கை. சின்ன வயசில் அந்தப் பொட்டணத்தைத் தூக்கிக்கொண்டு மரம் ஏறுவது இவர் வேலை. எத்தனை தடவை அந்தப் பெருமையைச் சொல்லியிருப்பார்.

அந்த நேரம் பார்த்து அவரே வந்து வாசலில் நின்றார்.

“வந்துச்சா?”

நான் எழுந்து உட்கார்ந்தேன். “மரத்துல என்ன தொங்குது?”

அவர் அக்காவைப் பார்த்தார், பீடான் அம்மாவைப் பார்த்தார், கடைசியில் தன் காலைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்குச் சோறு காலியானது அப்போதுதான் தெரிந்தது.

“இங்க ஆலமரத்துக்கு எங்க போறது? வைக்கோலுக்கு எங்க போறது?” என்று மெதுவாக ஆரம்பித்தார். “ஆலமரம் என்னத்தப் பெரிசா பால் குடுத்துடுது. நம்ம கோடி மரம் தெனம் ஒரு மங்கு ரொம்பக் குடுக்குது. அதுல கட்டுனா...”

“நான் என்ன மாடா?”

“மாடுன்னு யாரு சொன்னா? மாட்டுக்கே கேக்குது, மனுசிக்குக் கேக்காதான்னுதான்...”

சிரிக்க வேண்டிய இடம்தான் இது. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் பின்கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மாடாக்கியது கூடப் பெரிதில்லை. ஐந்து நாளாக நான் எதைப் பார்த்துக் கெஞ்சினேன்?

பீடான் அம்மா கோபப்படவில்லை. பெருமூச்சு விட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

“கூடப் பொறந்தது ஒண்டியா வெயில்ல தொங்குது. பிள்ளை எப்படிச் சும்மா இருக்கும்? போ, எடுத்துட்டு வா. நான் கழுவித் தர்றேன்.”

அவர் ஓடினார். கொண்டுவந்த பொட்டணத்தைப் பீடான் அம்மா பிரித்து, புல்லையும் எறும்பையும் நீக்கினாள். புளியும் உப்பும் ஏறியிருந்ததால் சுருங்கியிருந்ததே தவிரக் கெட்டுப்போகவில்லை. முதல் நாள் போலவே பொறுமையாக அலசி, புதுத் துணியில் சுற்றினாள். அப்புறம் அடுப்படிக்குப் பின்னால் கையைக் காட்டினாள்.

“அங்கதான் குழி இருக்கே. தோண்டிப் போடு.”

அவர் நகரவில்லை. “அங்க வேணாம். வேற எடத்துல வெட்டுறேன்.”

“ஏன், அங்க என்ன?” என்றேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். பிரசவித்தவள் எழுந்து நடக்கக் கூடாது என்று அக்கா கத்தியது காதில் ஏறவில்லை. “அஞ்சு நாளு வெறுங்குழிக்கு வெளக்கு ஏத்தி வச்சீங்க. அஞ்சு நாளு அதப் பாத்து என்னக் கெஞ்ச விட்டீங்க. இப்ப என்ன அதுக்கு மரியாத?”

“வெறுங்குழி இல்ல புள்ள.”

“பின்ன?”

அவர் மேட்டுக்குப் போனார். முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். கல்லைத் தூக்கினார். மண்வெட்டி இருந்தும் அதைத் தொடாமல், மண்டிபோட்டுக் கையாலேயே மண்ணைத் தள்ளினார். அந்தச் சிரட்டை இரண்டும் வந்தன, ஒன்றை ஒன்று மூடியபடி. திறந்தார். உள்ளே அவருடைய பழைய சுண்ணாம்பு டப்பா. அது தொலைந்துபோயிற்று என்று சொல்லிப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். அதுவும் பொய்தான் போல. டப்பாவுக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் மிளகாய்க் காம்பு அளவில், கறுத்துக் காய்ந்துபோன ஒரு தொப்புள்கொடி.

“நம்ம பயலோடது,” என்றார்.

ஏழாம் நாள் விழுந்த கொடி அது. தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். தாயத்து செய்து வருவதற்குள் கட்ட இடுப்பு இல்லாமல் போயிற்று. கொடியும் அவனோடு மண்ணுக்குப் போயிருக்கும் என்று நினைத்து நான் கேட்கவே இல்லை. இரண்டு வருஷம் அந்த டப்பா இவர் மடியில் இருந்திருக்கிறது. பெரட்டில் நிற்கும்போதும், மரம் வெட்டும்போதும், என்னோடு சண்டை போடும்போதும்.

“ஒண்ணும் இல்லாத குழிக்கு வெளக்கு ஏத்துனா பாவம்னு தோணுச்சு,” என்றார். “அந்தம்மா கூடப் பொறந்ததுன்னு சொன்னாங்களா, இவனும் கூடப் பொறந்தவன்தானே, இவனுக்கும் ஒரு வெளக்கு இருக்கட்டும்னு வச்சேன். இவனுக்கு நாம எதுவுமே செய்யலியே புள்ள.”

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். இரண்டு வருஷத்து அழுகை. நான் விளக்கைப் பார்த்துப் பேசிய ஐந்து நாளும் என் மகனிடம்தான் பேசியிருக்கிறேன். தங்கச்சியைக் காப்பாற்று என்று அவனிடம்தான் கேட்டிருக்கிறேன். இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், மண் ஒட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் முழங்காலிலேயே வைத்துக்கொண்டு அவரும் அழுதார். எங்கள் இருவர் சத்தத்திலும் பிள்ளை விழித்து முனகினாள். அப்போது மார்பில் ஒரு குத்தல் எடுத்தது. ரவிக்கை நனைந்தது. முதலில் கண்ணீர் என்றே நினைத்தேன்.

பீடான் அம்மா பார்த்துவிட்டாள். குனிந்து, பிள்ளையின் தலையைப் பிடித்து என் மார்பில் பொருத்தினாள். இரண்டு தடவை நழுவிவிட்டு மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டாள் என் மகள். அந்தச் சின்னத் தொண்டை ஏறி இறங்குவதை நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது எனக்கு அப்போது. பத்து பத்தாக எண்ணினேன்.

இரண்டையும் ஒரே குழியில் வைத்தார்கள். சிரட்டைக்குள் தங்கையின் நஞ்சுக்கொடி, அதை ஒட்டி அண்ணனின் டப்பா. மண்ணைத் தள்ளி, கல்லை வைத்து, முள்ளைப் பழையபடி அடுக்கி, பட்டப்பகலிலேயே விளக்கை ஏற்றினார்.

பால் எப்படி வந்தது என்று அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் ஒரு மாதம் வழக்கு நடந்தது. ஐந்து நாள் கோடி மரத்தில் கட்டியது வீண் போகவில்லை என்று இவர் கடைசி வரைக்கும் சாதித்தார். மரத்திலிருந்து இறக்கிக் கழுவியதால்தான் என்றாள் பீடான் அம்மா. அக்கா தன் சுறாப் புட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், புருஷன் மடியில் இருந்த சுண்ணாம்பு டப்பாவைப் பற்றி நான் எதைச் சொல்லியிருப்பேன்? அவரைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அலமாரியில் இருந்த டின் பாலை அக்காவிடம் கொடுத்து எல்லோருக்கும் தேத்தண்ணி போடச் சொன்னேன்.

நாற்பது நாளும் விளக்கு எரிந்தது. மழை பெய்தால் மேலே ஒரு தகரத்தைச் சாய்த்துவைத்துவிட்டு வருவார். நாற்பத்தோராம் நாள் சாயங்காலம், நான் அடுப்படியில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கன்னம் உப்பிப் போயிருந்தது அவளுக்கு. இவர் பின்னால் போய் மங்கை எடுத்துக் கரியைத் துடைத்து, உள்ளே கொண்டுவந்து சுவரோரம் கவிழ்த்து வைத்தார்.

“என்ன, ஏத்தலியா?”

“நாப்பது நாளு முடிஞ்சிடுச்சே. அவ்வளவுதானே அந்தம்மா சொன்னாங்க.”

“அது இவளுக்கு,” என்றேன். “பெரியவனுக்கு எத்தன நாளுன்னு யாரும் சொல்லலியே.”

 அவர் குனிந்து மங்கை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு, எண்ணெய்ப் போத்தலைத் தேடினார். அது அவர் வழக்கமாக வைக்கும் இடத்தில் இல்லை. நான்தான் முன்னமேயே எடுத்து என் பக்கத்தில் வைத்திருந்தேன்.